தபீதாளின் கிட்டாருக்கு ஒரு பெட்டி

தபீதாள் என் கடைக்கு வந்தபோது நான் ஒரு ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்துப் போட்டு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். பம்மலில் எனக்கு மைக்செட் கடை. காதுகுத்து, மஞ்சள் நீர், சாவு, கட்சிக் கூட்டம், ஆடி மாதக் கூழ் என்று எல்லாவற்றுக்கும் வாடகைக்குக் கொடுப்பேன். அவள் கேட்டது இதில் எதிலும் சேரவில்லை.

“அண்ணா, சின்ன ரூம்ல கிட்டார் கேக்கணும். அதுக்கு ஒரு பொட்டி வோணும். வாடகைக்கு இல்ல, சொந்தமா.”

“எவ்ளோ பெரிய ரூமு?”

“ஜெபக்கூட்டம் நடக்கிற ரூமு. வாரம் ஒரு வூடு. ரூமும் மாறும்.”

“எத்தினி பேரு வருவாங்க?”

“பத்து பேரும் வருவாங்க, முப்பது பேரும் வருவாங்க.”

“கிட்டார்ல ஒயர் மாட்ற ஓட்ட கீதா?”

“நடுவுல பெரிய ஓட்ட ஒண்ணு கீது. அது ஒயருக்கு இல்லண்ணா, சத்தம் வர்றதுக்கு.”

நாதஸ்வரத்துக்கு மைக் வைத்திருக்கிறேன். ஒப்பாரிக்கு வைத்திருக்கிறேன். வெறும் கட்டையில் நரம்பு கட்டின கிட்டாருக்கு என்ன வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “நாளைக்கு அத்த எட்த்துகினு வா, பாக்கலாம்” என்றேன்.

அது தொண்ணூற்றிரண்டாம் வருஷம். தபீதாளுக்கு நாற்பது வயது இருக்கும். நாகல்கேணிப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற வேலை. அவளுடைய அப்பாவும் தோலில்தான் இருந்தார், பதனிடுகிற தொட்டியில். சின்ன வயதில் அவர்கள் பல்லாவரத்தில் வரிசையாகக் கட்டின ஓட்டு வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். பக்கத்துத் தெருவில் டோரா மிஸ்ஸி என்று ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. அந்தம்மா குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினபோது கட்டில், பீரோ, கோழிக்கூண்டு எல்லாம் விலைக்குப் போயின. கிட்டாரை மட்டும் யாரும் கேட்கவில்லை. வீட்டு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த தபீதாளிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்கு முன்னால் மிஸ்ஸி கொஞ்சம் விரல் பிடித்துக் காட்டியிருந்தார்களாம். மீதியை அவளே கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள்.

ஒரு விஷயம் அவளோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்டு. பகலில் தூங்குவார். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவர் எழுந்துவிடாமல் வாசிக்க வேண்டுமென்று அவள் நரம்பை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு வாசித்துப் பழகினாள். அந்த மனுஷன் செத்து, அந்த வீடுகளை இடித்து, அவள் கல்யாணமாகிப் பம்மலுக்கு வந்த பிறகும் கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தால் அருமையாக இருக்கும். இரண்டு பாய் தள்ளி உட்கார்ந்தால் அவள் விரல் அசைவது மட்டும்தான் தெரியும்.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் சபை சின்னது. பாட்டுக் குழு அதைவிடச் சின்னது. குழுவை நடத்தினவர் வேதசிரோமணி, தபால் ஆபீஸில் வேலை, நல்ல மனிதர், ஆனால் முறைப்பாக இருப்பார். அந்த வருஷம் பர்மா பஜாரில் ஒரு கீபோர்டு வாங்கிவிட்டார். அதில் பித்தானைத் தட்டினால் தபேலா, இன்னொன்றைத் தட்டினால் வயலின். அதற்குப் பிறகு தபீதாள் வாசித்தாளா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாமல் போயிற்று.

“அண்ணன் நேத்து கூப்ட்டு சொல்ட்டாரு” என்று மறுநாள் என் கடையில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். “கிறிஸ்துமஸ் ஆராதனைக்குள்ள உன் கிட்டார் கேக்கணும், கேக்கலன்னா அத்த வூட்ல வச்சுட்டு பாடறவங்களோட உக்காருன்னாரு.”

“உக்காந்தா இன்னா? அவங்களும் மனுசங்கதானே?”

“எனக்குப் பாட்டு வராதுண்ணா. நான் வாயத் தொறந்தா பக்கத்துல கீறவங்க திரும்பிப் பாப்பாங்க. எனக்கு ஜெபமே இந்தக் கையாலதான். இத்த எடுத்துட்டா நான் அங்க போயி இன்னா பண்றது?”

மைக்கை எடுத்து கிட்டாருக்கு முன்னால் வைத்தேன். கேட்கவில்லை. ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். குழாய் ஸ்பீக்கர் ஊளையிட ஆரம்பித்தது. குறைத்தால் கிட்டார் போய்விடுகிறது, ஏற்றினால் ஊளை வந்துவிடுகிறது. நடுவில் ஒரு இடம் இருக்க வேண்டுமே என்று திருகிக்கொண்டே இருந்தேன். அவளுடைய வீட்டுக்காரர் யேசுதாசன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“இன்னா குப்புராஜு, நாய் புடிக்கிற வண்டி வந்துடப் போது. பாத்து.”

“நீ சும்மா இரு. இது ஃபீட்பேக்கு.”

“பேரு நல்லா கீது. பாட்டு எப்ப வரும்?”

எங்களுக்குள் அப்படித்தான். தபீதாள் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் நானும் அவளும் யேசுதாசனும் பல்லாவரத்தில் ரயிலேறி, ரேடியோ சாமான் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்குப் போனோம். அங்கே ஒரு கடையில், கிட்டாரின் ஓட்டையில் மாட்டுகிற பிக்கப் என்று ஒன்றைக் கடைக்காரன் காட்டினான். கறுப்பாக, சீப்பு மாதிரி. உள்ளே காந்தம். “இத்த மாட்டு, ஒயர ஆம்ப்ல குத்து, வேலை முடிஞ்சுது” என்றான். வாங்கி வந்தோம். மாட்டினேன். குத்தினேன். ஒன்றும் வரவில்லை.

ஒயரை மாற்றினேன். ஈயத்தை எடுத்துத் திரும்ப வைத்தேன். வேறு ஆம்ப்ளிஃபயரில் போட்டேன். நரம்பை அவள் எவ்வளவு அழுத்தி மீட்டினாலும் ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பிக்கப்பின் மேல் ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் மட்டும் டொக் டொக்கென்று கேட்கிறது. ஆம்ப் நல்லாயிருக்கிறது, பிக்கப் நல்லாயிருக்கிறது, கிட்டார் நல்லாயிருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் ஊமை. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

தாம்பரத்தில் சிட்டிபாபு என்று எனக்குத் தெரிந்தவர் லைட் மியூசிக் குழு வைத்திருந்தார். அவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் அந்தப் பிக்கப்பைத் தன்னுடைய கிட்டாரில் வைத்தார். கதறியது. எங்களுடையதில் வைத்தார். ஊமை. அவளுடைய நரம்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“குப்பு, இது நைலான் நரம்பு. காந்தம் இரும்பத்தான் புடிக்கும். நைலானை எப்டிடா புடிக்கும்?”

“கடைக்காரன் சொல்லலியே.”

“நீ கேட்டியா?”

கேட்கவில்லை. நரம்பில் இத்தனை ஜாதி இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? இரும்புக் கம்பி மாற்றிவிடலாமே என்றேன். மாற்றினால் அந்தப் பழைய கிட்டாரின் கழுத்தை அது இழுத்து வளைத்துவிடும் என்றார் சிட்டிபாபு. பிறகு அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். ஒட்டுகிற பிக்கப் ஒன்று இருக்கிறது, எட்டணாக் காசு மாதிரி பித்தளைத் தட்டு, அதைக் கட்டையில் ஒட்டு. என்னுடைய மைக்செட் ஆம்ப் உதவாது, அது பேச்சுக்கு. அவருடைய கிட்டார் ஆம்ப்பும் உதவாது, அது கத்துவதற்கு. கீபோர்டு போடுகிற பெட்டி பரவாயில்லை, ஆனால் கனம். நூறு வாட்ஸ் வேண்டாம். ஆனால் பத்து வாட்ஸ் போதாது. போதவும் செய்யலாம், ரூமைப் பொறுத்தது.

“அப்ப எத்த வாங்குறது?” என்றாள் தபீதாள்.

“அது நீங்க எங்க வாசிக்கிறீங்கன்றதுல கீதும்மா.”

“ரூம்லதான்.”

“அதான் எந்த ரூம்ல?”

மூன்று பேரும் திரும்பி வரும்போது, மெப்ஸ் கம்பெனிகளைத் தாண்டினதும் யேசுதாசன், “பேசாம வேதசிரோமணியோட கீபோர்டு ஒயர எலி கடிச்சிடுச்சுன்னு வச்சுக்கோ” என்றார். அவள் அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

மறுபடி ரிச்சி தெரு. வேறு கடை. இந்தக் கடைக்காரர் கொஞ்சம் வயதானவர், எங்களை உட்கார வைத்தார். ஒட்டுகிற தட்டு கிடைத்தது. நரம்புகள் முடிகிற கட்டைக்குக் கீழே ஒட்டினார். ஒரு பெரிய கறுப்புப் பெட்டியில் குத்தி வாசிக்கச் சொன்னார். சத்தம் வந்தது. நிறைய வந்தது. விரல் நரம்பில் உரசுகிற கீச்சும், நகம் படுகிற டிக்கும், அவள் சேலை கட்டையில் பட்டதும்கூட வந்தது. தபீதாள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

“இது நானா?”

“நீங்கதாம்மா.”

“இவ்ளோ கீச்சு போடுவனா நானு?”

அவளுக்குத் தன் சத்தத்தையே அந்த அளவுக்குக் கேட்டுப் பழக்கமில்லை. முகம் விழுந்துவிட்டது. கடைக்காரர் ஒரு குமிழைத் திருகிக் கீச்சைக் குறைத்தார். பிறகு கிணற்றுக்குள் வாசிக்கிற மாதிரி ஆயிற்று. இன்னொன்றைத் திருகினார், தகர டப்பா. எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது. சத்தம் என்றால் எட்டுகிறதா எட்டவில்லையா, அவ்வளவுதான் நான் பார்க்கிறது. ஸ்பீக்கரைக் கட்டிவிட்டுத் தெருக்கோடிவரை நடந்துபோய்க் கேட்டால் வேலை முடிந்தது. இவர்கள் இனிப்பா, கசப்பா என்று கேட்கிறார்கள்.

பெரிய பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மரப்பெட்டி இருந்தது. ஒரு ஸ்பீக்கர். மேலே பிடி. முன்னால் இரண்டு ஓட்டை, ஒன்று கிட்டாருக்கு, ஒன்று மைக்குக்கு. அதில் அவள் வாசித்துப் பார்த்தபோது கடைக்காரர், “இது பக்கத்துல கேக்கறவங்களுக்கு” என்றார். பெரியதை எடு என்றேன் நான். தூரம் போகுமென்றேன். வாட்ஸ் கூட என்றேன். யேசுதாசனும் அதைத்தான் சொன்னார், விலையைக் கேட்கிறவரைக்கும்.

தபீதாள் ஒரு கையில் கிட்டாரை எடுத்துக்கொண்டாள். இன்னொரு கையில் பெரிய பெட்டியைத் தூக்கினாள். இரண்டு எட்டு வைத்துக் கீழே வைத்துவிட்டாள். சின்னதைத் தூக்கினாள். அப்படியே கடையை விட்டு இறங்கித் தெருவில் கொஞ்ச தூரம் நடந்தாள். கடைக்காரர் பயந்துபோய் எழுந்து நின்றார். திரும்பி வந்து, “இத்தான்” என்றாள்.

“ஏம்மா?”

“பஸ்ல ஏறணும், ரயில்ல ஏறணும். நீங்க ரெண்டு பேரும் எப்பவும் வருவீங்களா? நானே தூக்கினு போற மாதிரி இருந்தாதான் என்னுது.”

வாட்ஸைப் பார்க்காமல், சுருதியைப் பார்க்காமல், தூக்கிப் பார்த்துப் பெட்டி வாங்கினவளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தப்பு என்றுதான் நினைத்தேன்.

முதல் தடவை அதை வைத்தது பெருங்களத்தூரில். சபையைச் சேர்ந்த ஞானம்மாள் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச் சந்தில் புது வீடு கட்டியிருந்தாள். வீட்டுப் பிரதிஷ்டைக்கு ஜெபக்கூட்டம். தீபாவளி நெருக்கம், தெற்கே போகிற பஸ்ஸுக்கு மூட்டை முடிச்சோடு ஜனம் ரோடு வரைக்கும் நின்றுகொண்டிருந்தது. தபீதாள் யேசுதாசனோடு என்னையும் வரச்சொல்லியிருந்தாள். பெட்டியை நான் ரூமுக்குள் வைக்கப் போனபோது ஞானம்மாள் தடுத்தாள்.

“இன்னாண்ணா உள்ள வைக்கிற? கேட்டாண்ட வை. ரோட்ட பாத்து.”

“கூட்டம் உள்ளதானே?”

“உள்ள கீறவங்களுக்கு பொட்டி எதுக்கு? அவங்கதான் கிட்டயே கீறாங்களே. இவ்ளோ செலவு பண்ணி வூடு கட்டி ஜெபம் வைக்கிறேன், தெருவுக்குத் தெரிய வாணாமா?”

அவள் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஸ்பீக்கர் தெருவைப் பார்த்துத்தான் கட்டுவோம். பந்தலுக்குள் இருக்கிறவனைப் பார்த்து யாராவது கட்டுவார்களா? தபீதாளும் எதிர்த்துப் பேசவில்லை. வீட்டுக்காரி சொல்கிறாள். நீளமான ஒயர் போட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் வைத்து, ரோட்டைப் பார்த்துப் பெட்டியை வைத்தேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் போகாதே என்று யோசனை. இன்னொரு ஓட்டை சும்மாதானே இருக்கிறது என்று அதில் ஒரு மைக்கைக் குத்தி, அதையும் கிட்டாருக்கு முன்னால் வைத்தேன். பெட்டிதான் வெளியே போய்விட்டதே, ஊளையிடாது. இரண்டு குமிழையும் முழுக்க ஏற்றிவிட்டு ரோட்டுக்குப் போய் நின்றேன்.

பாட்டு ஆரம்பித்தது. பஸ் நிறுத்தம்வரை கிட்டார் தெளிவாக வந்தது. கூட்டத்தில் சில பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா மூட்டைமேல் உட்கார்ந்து தாளம் போட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போது பெட்டிக்குள்ளிருந்து தபீதாள் பேசினாள்.

“எனக்கு ஒண்ணுமே கேக்கல ஞானம்மாக்கா. எந்த வரில கீறாங்கன்னே தெர்ல.”

பஸ் நிறுத்தத்தில் யாரோ சிரித்தார்கள். நான் உள்ளே ஓடினேன். ஓடும்போதே அடுத்ததும் வந்தது.

“வேதசிரோமணி அண்ணன் சுருதிய எங்க கொண்டுபோய் வச்சிருக்காரு பாரு. கழுத்தப் புடிச்சா மாதிரி கத்துதுங்க எல்லாம்.”

இந்தத் தடவை நிறையப் பேர் சிரித்தார்கள். வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். உள்ளே யாருக்கும் எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் உள்ளே அது கேட்கவே இல்லை. கீபோர்டும் கைத்தட்டலும் மட்டும்தான். நான் மைக்கைப் பிடுங்கினேன். அவள் வாசிப்பதை விட்டுவிட்டு என்னை முறைத்தாள். கூட்டம் முடிந்து காராபூந்தியும் டீயும் கொடுக்கும்போது வாசலில் நின்ற ஒருத்தர் வேதசிரோமணியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரிக்கவில்லை.

“ஏம்மா தபீதா, என் சுருதி சரியில்லன்னு ஹைவேஸ்ல போறவனுக்குச் சொல்ற. எனக்குச் சொல்லக் கூடாதா?”

“அண்ணா, அது வெளில கேக்கும்னு தெரியாதுண்ணா.”

“உன் கிட்டார் உள்ள கேக்கலயேம்மா. பஸ் ஸ்டாண்டுக்குக் கேக்குது, எங்களுக்குக் கேக்கல. இதுக்கா பெட்டி வாங்கின?”

அவர் டீ டம்ளரை வைத்துவிட்டு, “அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை சபையில கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பிராக்டிஸ் ஆரம்பிக்கிறோம். அன்னிக்குப் பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்” என்றார். அவர் ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்ட மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

ரயிலில் வரும்போது நான் என் வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்தேன். சத்தம் எட்டியது. நான் எட்ட வைத்தேன். அப்புறம் எதில் தப்பு? யேசுதாசன் என்னிடம் மெதுவாக, “அவ ஆர் கேக்கணும்னு வாசிக்கிறா, அத்த மொதல்ல கேளு” என்றார். கேட்டேன்.

“பாடறவங்க கேக்கணும்ணா” என்றாள் தபீதாள். “நான் வாசிக்கிறத வச்சி அவங்க பாடணும். எனக்கும் கேக்கணும். தெருவு கேட்டா கேக்கட்டும், கேக்காட்டி போவட்டும்.”

“இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா?”

“எனக்கே இப்பத்தான் தெர்து.”

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவள் வீட்டில் பெட்டியை வைத்து இங்கேயும் அங்கேயும் நகர்த்தினோம். அவளுக்குப் பின்னால் வைத்தால் ஊளை. காலடியில் வைத்தால் முழங்காலுக்கு மட்டும் கேட்கிறது. எதிரே வைத்தால் அவளுக்குக் கேட்கிறது, பாடுகிறவர்களுக்குக் கேட்கவில்லை. பக்கவாட்டில், உட்கார்ந்திருக்கிறவர்களின் காது உயரத்துக்கு, கொஞ்சம் சாய்த்து வைத்தால் பரவாயில்லை. ஏன் பரவாயில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் அதே இடத்தில் கொரகொரவென்று இருக்கும். ஜன்னலைத் திறந்திருந்தால் ஒரு மாதிரி, கொடியில் துணி காய்ந்தால் ஒரு மாதிரி. யேசுதாசன் போர்வையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அது நல்லாயிருந்தது. அதற்காகச் சபைக்குப் போர்வையைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜனம் கலைந்த பிறகு பாட்டுக் குழு மட்டும் இருந்தது. நான் ஒயரைச் சுற்றிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பெட்டியை அவளே தூக்கிவந்து, பாடுகிறவர்களுக்கும் தனக்கும் நடுவில் நாற்காலிமேல் வைத்தாள். அவளே ஒயரைக் குத்தினாள். வேதசிரோமணி பார்க்காத மாதிரி கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதல் பாட்டு. அவர் ஒற்றை விரலால் ஆரம்பம் கொடுத்தார். அவள் சேர்ந்தாள். நான் இருந்த இடத்துக்கு ரொம்பக் கொஞ்சமாகத்தான் வந்தது. போச்சு என்று நினைத்தேன். எழுந்துபோய் ஏற்றிவிடலாமா என்று பார்த்தேன். பாடுகிற பெண்களில் ஒருத்தி பாடிக்கொண்டே தபீதாள் பக்கம் தலையைத் திருப்பினாள். பிறகு பக்கத்தில் இருந்தவளும். ஒரு இடத்தில் கீபோர்டின் தபேலா முன்னால் ஓடிவிட்டது. அவர்கள் அதோடு ஓடவில்லை, கிட்டாரோடு நின்றார்கள். அது எனக்குக்கூடத் தெரிந்தது.

வேதசிரோமணி கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார். தபீதாளின் விரல் நரம்பின் மேலேயே நின்றுவிட்டது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“தபீதா.”

“அண்ணா.”

“கொஞ்சம் கம்மி பண்ணு. என் கீபோர்டு எனக்கே கேக்கல.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. திட்டுகிறாரா, என்ன சொல்கிறார் என்று என்னைப் பார்த்தாள். எனக்கும் விளங்கவில்லை. வாசலில் நின்றிருந்த யேசுதாசன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். தபீதாள் பெட்டியின் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளும் அந்தக் குமிழை நாங்கள் வலது பக்கம்தான் திருகிக்கொண்டிருந்தோம். இடது பக்கம் எவ்வளவு திருகினால் கொஞ்சம் கம்மியாகும் என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. நகத்தளவு திருகினாள்.

“இன்னும்” என்றார் அவர்.

அவள் குமிழிலிருந்து கையை எடுத்து நரம்பில் வைத்துக்கொண்டாள். திருகவில்லை.

வேதசிரோமணி கீபோர்டை ஸ்டாண்டோடு தரையில் இழுத்துக்கொண்டு வந்து, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தன் நாற்காலியையும் போட்டு உட்கார்ந்தார். “சரி, மொதல்லேர்ந்து” என்றார்.